உறக்கத்தின் பெயர் கொண்ட சாளரம்

ஐரோப்பிய நகரங்களின் படங்களைக் கண்டிருப்போருக்கு அந்தக் காட்சி புதிதன்று. செங்குத்தாகச் சரியும் கூரை. அச்சரிவின் நடுவே சிறு வீடொன்று எட்டிப் பார்ப்பதுபோல், தனக்கென ஒரு குட்டிக் கூரையுடன் முன்தள்ளி நிற்கும் சாளரம். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'டார்மர்'. ஒளியையோ காற்றையோ கூரையையோ குறிக்கும் எதுவும் அச்சொல்லில் இல்லை. அது குறிப்பது உறக்கத்தை.

பழைய பிரெஞ்சு மொழியில் 'டார்மியோர்' என்றால் உறங்கும் அறை. அதன் மூலம் 'உறங்கு' என்று பொருள்படும் லத்தீன் வினையான 'டோர்மீரே'. மாணவர் விடுதிகளிலும் மடங்களிலும் பலர் சேர்ந்து உறங்கும் கூடத்துக்கு வழங்கும் 'டார்மிட்டரி' என்னும் சொல்லும் அதே வேரிலிருந்து கிளைத்ததே. 16ஆம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் ஆங்கில எழுத்துகளில் 'டார்மர்' தலைகாட்டுகிறது. அறையின் பெயர் அறையிலிருந்து நழுவி, அதன் சாளரத்தின்மேல் ஏறிக்கொண்டது. பின்னர் அறை மறந்துபோய்ச் சாளரம் மட்டும் எஞ்சியது.

இச்சொல்லுக்கு நம்மிடமும் ஒரு தூரத்து உறவு உண்டு. ஈழத் தமிழர் அன்றாடப் பேச்சில் இன்றும் புழங்கும் 'நித்திரை' வடமொழி 'நித்ரா'விலிருந்து வந்தது. அதிலுள்ள 'த்ரா' என்னும் வேரையும் லத்தீன் 'டோர்மீரே'யையும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்துக்குக் கொண்டு செல்வர் மொழியியலார். யாழ்ப்பாணத்துப் பாட்டியின் நித்திரையும் லண்டன் கூரையின் டார்மரும் ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகள் என்பது வியப்புக்குரியது.

சொற்களைக் கலந்துவிடாமல் ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளலாம். கூரைச் சரிவோடு சரிவாகப் படுத்துக் கிடக்கும் கண்ணாடி 'ஸ்கைலைட்'. வானொளி என்று பொருள். டார்மர் படுத்திராது, நிமிர்ந்து நிற்கும். அது நிற்பதால் அதன் பின்னே மனிதனும் நிமிர்ந்து நிற்க இடம் கிடைக்கிறது. வெளிச்சம் மட்டும் போதுமெனில் முன்னது போதும். ஆள் குடியிருக்க வேண்டுமெனில் பின்னது தேவைப்படும். இக்கட்டுரையில் டார்மரைக் கூரைச் சாளரம் என்றே குறிப்பிடுகிறேன். 'துயிலறைச் சாளரம்' என்பது மூலத்துக்கு நெருக்கமானதுதான். ஆனால், படிப்பவர் எல்லாப் படுக்கையறைச் சன்னல்களையும் எண்ணிக்கொள்வார்.

மற்ற மொழிகளிலும் இப்பொருளின் பெயர்கள் சுவையானவை. பிரெஞ்சில் 'லுக்கார்ன்', அதன் வடிவில் விளக்கைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் சாயல் படிந்திருப்பதாகக் கூறுவர். போர்த்துகீசியத்தில், சாளரங்கள் கூரைமீது திறக்கும் மேல்மாடிக்கு 'ஆகுவா ஃபுர்த்தாடா' என்று பெயர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'திருடப்பட்ட நீர்'. மழைநீர் வழியும் கூரைச் சரிவை அம்மொழியில் நீர் என்றே அழைப்பதுண்டு. கூரையிடமிருந்து திருடிய இடம் அந்த அறை. நமக்குச் 'சன்னல்' என்னும் சொல்லைத் தந்ததும் போர்த்துகீசியமே. அங்கே 'ஜனேலா', அதற்கும் முன்னால் லத்தீனில் 'சிறு வாசல்'.

ஸ்பானியச் சொல்தான் எனக்கு எல்லாவற்றினும் பொருள் பொதிந்ததாகப் படுகிறது. கூரைச் சாளரத்தையும் அதன் பின்னுள்ள அறையையும் ஸ்பானியர் 'புவார்டில்யா' என்பர். அதன் அடி, 'ஊது' என்னும் பொருளுடைய ஒரு வினை. காரணம், அத்திறப்பு முதலில் புகை வெளியேறுவதற்கான வழியாக இருந்தது. முதலில் புகைக்கு வழி. பிறகு மனிதருக்கு அறை. ஐரோப்பிய வீட்டின் பொருளாதார வரலாறு இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இடைக்கால ஆங்கிலேயக் குடியானவனின் வீட்டில் தரையின் நடுவே நெருப்பு எரிந்தது. புகைபோக்கி கிடையாது. புகை மேலெழுந்து, கூரையின் கீழ்ப் பகுதியை நிரப்பி, இடுக்குகளின் வழியே மெல்ல வெளியேறியது. அந்நிலையில் கூரையடி இடம் மனிதருக்குப் பயன்படாது. செங்கல் புகைபோக்கி வந்த பிறகே புகை ஒரு குழாய்க்குள் அடங்கியது. மேலே இருந்த வெற்றிடம் விடுதலை பெற்றது. குறுக்கே பலகை பரப்பித் தளம் அமைத்தார்கள். ஏணியோ படிக்கட்டோ வைத்தார்கள். இருட்டைப் போக்கக் கூரையை வெட்டிச் சாளரம் பொருத்தினார்கள். கீழே எரியும் நெருப்பின் சூடு மேலே ஏறுவதால் குளிர் இரவுகளில் அங்கே உறங்குவது இதமாகவும் இருந்தது.

வில்லியம் ஹாரிசன் என்னும் பாதிரியார் எஸ்ஸெக்ஸ் பகுதியில் ராட்விண்டர் என்ற ஊரில் பணியாற்றியவர். இங்கிலாந்தைப் பற்றிய அவருடைய வருணனை நூல் 1577இல் வெளிவந்தது. தம் ஊர் முதியவர்கள் தங்கள் வாழ்நாளில் கண்ட பெரும் மாற்றங்கள் என மூன்றைச் சொன்னதாக அவர் பதிவு செய்திருக்கிறார். ஒன்று, புகைபோக்கிகள் பெருகியது. மற்றொன்று, படுக்கை வசதி மேம்பட்டது. வைக்கோல் பாயிலும் தலைக்கு மரக்கட்டையிலும் கிடந்தவர்களுக்கு மெத்தையும் தலையணையும் கிடைத்தன. மூன்றாவது, மரப் பாத்திரங்கள் போய் உலோகப் பாத்திரங்கள் வந்தது. புகைபோக்கியும் படுக்கையும் ஒரே மூச்சில் பேசப்பட்டதைக் கவனியுங்கள். அடுத்த சில ஆண்டுகளுக்குள் 'டார்மர்' என்னும் சொல் ஆங்கிலத்தில் பதிவாகிறது. 1570 முதல் 1640 வரை இங்கிலாந்தின் கிராமப்புற வீடுகள் பெருமளவில் திருத்திக் கட்டப்பட்டன என்று டபிள்யூ.ஜி. ஹாஸ்கின்ஸ் 1953இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை வாதிட்டது. அந்தக் கால எல்லையைப் பின்வந்த ஆய்வாளர்கள் ஏற்றும் இறக்கியும் விவாதித்தனர். ஆனால், புகை வெளியேறிய இடத்தில் படுக்கை ஏறியது என்னும் அடிப்படைச் செய்தியை மறுக்க இடமில்லை.

தமிழ்நாட்டு ஓட்டு வீடுகளில் இச்சாளரம் ஏன் வேர்கொள்ளவில்லை என்று கேட்கலாம். நம் கூரையடியில் பரண் உண்டு. அதில் வெண்கலப் பாத்திரங்களும் விதை நெல்லும் பழைய பெட்டிகளும் ஏறும், மனிதர் ஏறமாட்டார். சித்திரை வெயிலில் ஓட்டுக்கு நேர்கீழே எவர் உறங்குவார்? நாம் திண்ணைக்கும் முற்றத்துக்கும் இறங்கினோம். வெளிச்சத்துக்கு ஓடுகளிடையே ஒரு கண்ணாடி ஓட்டைப் பதித்தோம். அதன் வழியே விழும் ஒளிக்கற்றை நேரம் காட்டவும் பயன்பட்டது. காற்றைத்தான் நம் முன்னோர் சாளரத்தில் முதன்மையாகத் தேடினர். சிலப்பதிகாரத்தில் வரும் 'காலதர்' என்னும் சொல்லுக்குக் காற்றின் வழி என்று பொருள். ஆங்கில 'விண்டோ'வின் மூலமான பழைய நார்ஸ் சொல்லோ 'காற்றின் கண்'. நம் 'பலகணி'யிலும் கண் இருக்கிறது. உறக்கம் மட்டும் டார்மருக்கே உரியது.

இனி என் துறைக்கு வருகிறேன். பொது நிதியியல் பாடத்தில் வரியின் மிகைச்சுமையை விளக்குவதற்குச் சாளர வரியைப்போல் எளிய எடுத்துக்காட்டு வேறில்லை. பல ஆண்டுகள் அதை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இங்கிலாந்தில் அதற்கு முன்னோடியாக 1662 முதல் அடுப்பு வரி இருந்தது. ஓர் அடுப்புக்கு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங். அதை எண்ண அதிகாரி வீட்டுக்குள் நுழைய வேண்டும். மக்கள் அதை வெறுத்தனர். 1689இல் அவ்வரி நீக்கப்பட்டது. 1696இல் வந்த சாளர வரிக்கு அந்தத் தொல்லை இல்லை. தெருவில் நின்றே பெரும்பாலும் எண்ணிவிடலாம். தொடக்கத்தில் ஒரு வீட்டுக்கு இரண்டு ஷில்லிங். பத்துச் சாளரங்களுக்கு மேற்போனால் கூடுதல் கட்டணம்.

1747இல் விகிதம் மாறியது. 10 முதல் 14 சாளரம் உள்ள வீட்டில் ஒவ்வொரு சாளரத்துக்கும் 6 பென்ஸ். 15 முதல் 19 வரை 9 பென்ஸ். 20க்கு மேல் ஒரு ஷில்லிங். ஒன்பது சாளரம் உடையவர் பத்தாவதைத் திறந்தால் அந்த ஒன்றுக்கு மட்டுமன்று, பத்துக்கும் சேர்த்து 60 பென்ஸ், அதாவது 5 ஷில்லிங் தர வேண்டும். விளைவு என்ன? வாலஸ் ஓட்ஸ், ராபர்ட் ஷ்வாப் என்னும் இரு பொருளியலாளர்கள் பழைய வரிப் பதிவேடுகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டனர். 9, 14, 19 என்ற எண்ணிக்கைகளில் வீடுகள் குவிந்து கிடந்தன. வரி கட்டாமல் தப்பியவர் அதற்கு ஈடாக இருளைப் பெற்றார். அரசுக்கும் வருவாயில்லை, குடிமகனுக்கும் வெளிச்சமில்லை. இதுவே மிகைச்சுமை.

ஆடம் ஸ்மித் 1776இல் இவ்வரியின் மற்றொரு கோளாறைச் சுட்டினார். நாட்டுப்புறச் சிற்றூரில் ஆண்டு வாடகை பத்துப் பவுண்டு பெறும் வீட்டுக்கு, லண்டனில் ஐந்நூறு பவுண்டு பெறும் வீட்டைக் காட்டிலும் அதிகச் சாளரங்கள் இருக்கக்கூடும். ஏழையே அதிகம் செலுத்துவான். நம் கூரைச் சாளரமும் இவ்வரிக்குத் தப்பவில்லை. கூரையறை, படிக்கட்டு, நிலவறை ஆகியவற்றின் சாளரங்களும் வானொளிக் கண்ணாடிகளும் எண்ணிக்கையில் சேரும் என்று பிற்காலச் சட்டங்கள் வெளிப்படையாகவே எழுதிவைத்தன. வேலைக்காரப் பெண் உறங்கும் மேலறைச் சன்னலும் முதலாளியின் விருந்துக்கூடச் சன்னலும் கணக்கில் ஒன்றே. செலவைக் குறைக்க நினைக்கும் வீட்டுக்காரர் எதை முதலில் அடைப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1845இல் கண்ணாடி மீதான தீர்வையும் 1851இல் சாளர வரியும் ஒழிந்தன. அந்த 1851இல்தான் லண்டனில் முழுக்கக் கண்ணாடியால் போர்த்திய பளிங்கு மாளிகையில் உலகக் கண்காட்சி நடந்தது.

பகற்கொள்ளை என்று நாம் சொல்வதற்கு நேரான ஆங்கிலத் தொடர் இவ்வரியால் பிறந்தது என்றொரு கதை உண்டு. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால், அத்தொடர் இன்றைய பொருளில் எழுத்தில் வருவது வரி நீங்கி வெகுகாலம் கழித்தே. சொற்பிறப்பு என்றாலே இத்தகைய கதைகள் ஈக்களைப்போல் மொய்க்கும். கதவின் மேலுள்ள சிறு திறப்புச் சன்னலைப் பிரெஞ்சுக்காரர் 'வாஸிஸ்தாஸ்' என்பர். 'அது என்ன?' என்னும் ஜெர்மன் கேள்விதான் அச்சொல்லாயிற்று என்பது உண்மை. 1870 போரில் வந்த ஜெர்மானியப் படைவீரர்கள் கேட்டதால் உண்டாயிற்று என்பது பொய். 18ஆம் நூற்றாண்டிலேயே அச்சொல் வழக்கில் இருந்தது.

பிரான்ஸுக்கு இங்கே நின்று பார்க்க வேண்டிய காரணம் உண்டு. அங்கே கதவு, சாளர வரி 1798இல் விதிக்கப்பட்டு 1926 வரை நீடித்தது. விக்தோர் ஹ்யூகோ தம் 'லே மிஸெராப்ல' புதினத்தில் ஓர் ஆயரின் வாயால் இவ்வரியின் கொடுமையைப் பேசவைத்தார். 1798ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது. களஞ்சியம், தொழுவம், நிலவறை போன்ற மனிதர் குடியிராத இடங்களின் திறப்புகளோடு, குடியிருக்கும் வீடுகளின் கூரையிலுள்ள திறப்புகளுக்கும் வரியில்லை. இங்கிலாந்து எண்ணியதைப் பிரான்ஸ் தொடக்கத்தில் எண்ணாது விட்டது. சலுகை பிற்காலத்தில் சுருங்கினாலும், கூரையடி இடம் குடியிருப்பே அன்று என்னும் பார்வை அச்சட்டத்தில் தெரிகிறது.

ஆனால், அங்கே ஆட்கள் குடியிருந்தார்கள். கீழ்ப்பகுதி ஏறத்தாழச் செங்குத்தாகவும் மேற்பகுதி தட்டையாகவும் மடிந்த கூரைக்கு 'மன்சார்ட்' என்று பெயர். பிரான்ஸுவா மன்சார் (1598-1666) என்னும் கட்டடக் கலைஞரின் பெயரால் அது வழங்குகிறது. கண்டுபிடித்தவர் அவரல்லர், அவருக்கு ஏறத்தாழ நூறாண்டு முன்னரே லூவ்ர் அரண்மனையில் பியேர் லெஸ்கோ அதைக் கையாண்டுவிட்டார். பெருக வழங்கச் செய்தவர் பெயர் நிலைத்தது. இந்தக் கூரை பாரிஸில் பல்கிப் பெருகியதற்கு அழகைவிடச் சட்டமே பெருங்காரணம். 1784ஆம் ஆண்டு ஆணை, அகலமான தெருக்களில் கட்டடத்தின் முகப்புச் சுவர் 54 பாரிஸ் அடிக்கு, அதாவது சுமார் 17.5 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்றது. அளவு முகப்புச் சுவரின் மேல்விளிம்பு வரைதான். அதற்கு மேலே கூரை. கூரையை மடித்து உயர்த்திச் சாளரம் வைத்தால், சட்டத்தை மீறாமலே ஒரு மாடி கூடுதலாகக் கிடைக்கும். விளிம்புக்கு மேலே கிடைத்த ஒவ்வொரு சதுர மீட்டரும் வாடகை.

அந்த வாடகையை ஈட்டித் தந்தவர்கள் யார்? 19ஆம் நூற்றாண்டின் பாரிஸ் மாளிகைகளில் கீழ்த் தளத்தில் கடை. இரண்டாம் மாடியில் செல்வந்தர். மேலே போகப் போக வசதி குறையும். ஆறாம் மாடியில், துத்தநாகத் தகட்டுக் கூரையின் கீழ், வரிசையாகப் பணிப்பெண் அறைகள். ஒவ்வோர் அறைக்கும் ஒரு கூரைச் சாளரம். நடைவழியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாயும் ஒரு கழிப்பறையும். ஏறிவர முன்படிக்கட்டு அன்று, பின்புறப் பணியாளர் படிக்கட்டு. பிரிட்டனியிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்த இளம்பெண்கள் விடியுமுன் இறங்கி, இரவு வெகுநேரம் கழித்து ஏறினார்கள். அறையின் பெயர் உறக்கத்தைக் குறித்ததில் வியப்பில்லை. அவர்கள் அங்கே செய்ய நேரமிருந்தது அது ஒன்றுக்குத்தான்.

அந்த அறைகள் இன்றும் இருக்கின்றன, ஆட்கள் மாறியிருக்கிறார்கள். மாணவர்கள், உணவகப் பணியாளர்கள், வெளிநாட்டிலிருந்து வந்தோர், தனித்து வாழும் முதியோர். பாரிஸில் ஆய்வு செய்யச் சென்ற என் பழைய மாணவர் ஒருவர் ஈராண்டு அப்படியோர் அறையில் இருந்தார். கட்டிலிலிருந்து எழும்போது சாளரப் பக்கம் திரும்பி எழ வேண்டும், மறுபக்கம் எழுந்தால் கூரை தலையில் இடிக்கும் என்று எழுதினார். குளிர்காலத்தில் மேல்கோட்டுடன் படித்தாராம். கோடையில் நள்ளிரவு வரை படிக்கட்டில் அமர்ந்திருந்தாராம். 2002ஆம் ஆண்டு ஆணைப்படி அந்நாட்டில் வாடகைக்கு விடும் வீட்டின் முதன்மை அறை குறைந்தது 9 சதுர மீட்டர் பரப்பும் 2.20 மீட்டர் உயரமும், அல்லது 20 கன மீட்டர் கொள்ளளவும் கொண்டிருக்க வேண்டும். தம் அறையை அவர் நாடாவால் அளந்து பார்த்திருக்கிறார். எட்டைத் தாண்டவில்லை. உரிமையாளரிடம் அதைச் சொன்னால் வேறிடம் தேட நேரும் என்பதால் சொல்லவில்லை.

2003 ஆகஸ்டில் பிரான்ஸை வாட்டிய வெப்ப அலையில் ஏறத்தாழ 15,000 பேர் வழக்கத்துக்கு மிஞ்சி இறந்தனர்; பெரும்பாலோர் முதியோர். வீடுகளில் இறந்த முதியோரைப் பற்றிப் பின்னர் நடந்த ஆய்வு, அபாயத்தைக் கூட்டிய காரணிகளுள் ஒன்றாகக் கூரைக்கு நேர்கீழே அமைந்த படுக்கையறையைக் கண்டது. பகல் முழுதும் வெயிலைக் குடித்த தகடு இரவில் அதை அறைக்குள் உமிழ்கிறது. உறக்கத்துக்கு இதமென்று நாடிய சூடு, காலநிலை மாறியதும் உறங்குபவரைக் கொல்லும் சூடாயிற்று. நம் முன்னோர் பரணில் படுக்கை விரிக்காததன் காரணத்தை ஐரோப்பா இப்போது கற்றுக்கொண்டிருக்கிறது. நாமோ நகரங்களில் மொட்டைமாடியின் மேல் தகரக் கொட்டகை போட்டு, அதை வெளியூர்த் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். சென்னையின் புறநகர்களில் அத்தகைய கொட்டகைகளை நான் நாள்தோறும் நடைப்பயிற்சியில் காண்கிறேன். அவற்றுக்குச் சாளரம்கூட இருப்பதில்லை; தகரத்துக்கும் சுவருக்கும் இடையே விட்ட இடைவெளிதான் காலதர்.

கூரைச் சாளரத்தின் பெயர் வரலாற்றில் கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். 1940களின் தொடக்கத்தில் டென்மார்க்கைச் சேர்ந்த வில்லும் கான் ராஸ்முசென் என்னும் பொறியாளர், கூரைச் சரிவிலேயே பதித்துத் திறந்து மூடத்தக்க சாளரத்தை உருவாக்கினார். 'வெண்டிலேஷன்' என்பதன் முதலெழுத்துகளையும் ஒளியைக் குறிக்கும் லத்தீன் 'லுக்ஸ்' என்பதையும் சேர்த்து 'வெலுக்ஸ்' என்று பெயரிட்டார். பிரான்ஸில் இன்று எந்த நிறுவனத்தின் கூரைச் சாளரத்தையும் 'வெலுக்ஸ்' என்றே பேச்சுவழக்கில் அழைக்கிறார்கள். காற்றும் ஒளியும் பெயரில் ஏறின, உறக்கம் இறங்கிவிட்டது.

விலையும் ஏறிவிட்டது. மின்தூக்கி வருமுன் மேல்மாடி மலிவு. வந்தபின் அதுவே வானக் காட்சியோடு கூடிய உயர்விலைச் சரக்கு. நான்கைந்து பணிப்பெண் அறைகளை இடித்து ஒன்றாக்கி, சாளரங்களைப் பெரிதாக்கி, செல்வர்களுக்கு விற்கிறார்கள். இடிக்கப்படாத அறைகளில் வாடகைக்கு இருப்போர்க்கு மின்தூக்கி கிடைப்பது அரிது. பல பழைய பாரிஸ் கட்டடங்களில் அது முன்படிக்கட்டின் நடுவே பொருத்தப்பட்டு ஐந்தாம் மாடியோடு நின்றுவிடுகிறது. ஆறாம் மாடிக்காரர் இன்றும் பின்படிக்கட்டில்தான் ஏறுகிறார்.